குமரிமுனையா, தெருமுனையா?

டெர்மினஸ் வேற, டெர்மினல் வேற. இதைச் சொன்னாலே "உனக்கு வேற வேலை இல்லையா மாப்ள" என்பதுதான் எனக்கு எப்பவும் கிடைக்கிற முதல் பதில். இரண்டாவது பதில் இன்னும் மோசம். "பிரிட்டிஷ்காரன் டெர்மினஸ்ம்பான், அமெரிக்காக்காரன் டெர்மினல்ம்பான், அவ்வளவுதான்." இஞ்சினியரிங் படிச்சவன், ப்ரோக்ராம்ல ஒரு கமா மாறினா அரை நாள் உட்கார்ந்து தேடுறவன், ஊர்ல கோடிக்கணக்கான ரூபாய் செலவு பண்ணிக் கட்டுற ஒரு பொருளோட பேர்னு வந்தா மட்டும் "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறான். அந்த 'ரெண்டும் ஒண்ணுதான்' மேலதான் எனக்குக் கோபம். தமிழ்ல நாம ரெண்டுக்கும் 'முனையம்'னு ஒரே வார்த்தையை வெச்சு மூடிட்டோம். அந்த மூடிக்குள்ள என்னவெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு பார்ப்போம் வாங்க.

முதல்ல அமெரிக்கா பிரிட்டன் கதையை முடிச்சிடறேன். நியூயார்க்கில் 1913-ல் திறந்த கிராண்ட் சென்ட்ரல், டெர்மினல். மும்பையில் 1888-ல் கட்டி முடிச்சது விக்டோரியா டெர்மினஸ். ரெண்டுமே ரயில் வந்து முட்டி நிக்கிற இடம்தான். இதை வெச்சுப் பார்த்தா நண்பர் சொல்றது சரி. ஆனா லண்டன் ஹீத்ரோவில் இருப்பதும் டெர்மினல்தானே? எந்த வெள்ளைக்காரனாவது ஏர்போர்ட் டெர்மினஸ்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? கண்டெய்னர் டெர்மினஸ்? பேட்டரி டெர்மினஸ்? கிடையாது. ரயில், பஸ் ரெண்டில் மட்டும்தான் இந்த வார்த்தைகள் ஒண்ணோட ஒண்ணு உரசுது. மத்த இடத்தில் எல்லாம் தனித்தனியா, தெளிவா நிக்குது. உரசுகிற இடத்தை மட்டும் காட்டி வித்தியாசமே இல்லைன்னு சொல்றது, பனியனும் ஜட்டியும் ஒரே நூல்ல இருந்து வருது, அதனால ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ற மாதிரி :-)

டெர்மினஸ் என்பது ரோமாபுரியில் ஒரு சாமி. நிஜமாத்தான். எல்லைக்கல் சாமி. நம்ம ஊர் எல்லைக் கருப்பு மாதிரின்னு வெச்சுக்கங்களேன். ரெண்டு காட்டுக்கு நடுவில் நட்ட கல்தான் சாமி. பிப்ரவரி 23-ந் தேதி ரெண்டு பக்கத்துக் காட்டுக்காரரும் அந்தக் கல்லுக்கு மாலை போட்டு, படையல் வெச்சுக் கும்பிடுவாங்க. இந்தச் சாமி பத்தி ஒரு கதை உண்டு. ரோமில் ஜூபிடருக்குப் பெரிய கோயில் கட்டணும்னு ஒரு குன்றைத் தேர்ந்தெடுத்தாங்க. அங்கே ஏற்கெனவே குடியிருந்த மத்த சாமிகளிடம் உத்தரவு கேட்டால் எல்லாரும் இடத்தைக் காலி பண்ணச் சம்மதிச்சாச்சு, டெர்மினஸ் மட்டும் நகர மாட்டேன்னு சொல்லிட்டார். கடைசியில் அவரை அங்கேயே விட்டு, அவரைச் சுத்தித்தான் கோயில் கட்டினாங்களாம். எங்க ஊர் சிற்பிகளிடம் இந்தக் கதையைச் சொன்னா நல்லா ரசிப்பாங்க. திருமுருகன்பூண்டியில் தெருவுக்குத் தெரு கல் கொத்துற சத்தம்தான். கல்லில் இருந்து சாமி வர்றதைத் தினமும் பார்க்கிறவங்க, நட்ட கல்லே சாமிதான்னா அவங்களுக்குப் புரியாமலா போகும்.

விஷயம் என்னன்னா, டெர்மினஸ் என்பது கல். எல்லை. இதுக்கு மேல வண்டி போகாது. அது பாதையோட குணம், பாதை அங்கே தீருது, அவ்வளவுதான். அதுக்குக் கட்டடமே வேண்டாம். மலை மேல கடைசி கிராமத்தில் ஒரு புளியமரத்தைச் சுத்தி பஸ் திரும்புதே, அந்தப் புளியமரம் டெர்மினஸ்.

டெர்மினல் பிறந்தது அப்படி இல்லை. அது முதலில் ஒரு பெயரடை. எல்லையைச் சேர்ந்த, முனையோட சம்பந்தப்பட்ட, என்ற அளவில்தான் அதுக்கு அர்த்தம். பின்னால்தான் பெயர்ச்சொல் ஆச்சு. ஆனபோது அது பிடிச்சுக்கிட்ட வேலை வேற. முடியற வேலை இல்லை, கைமாத்தி விடற வேலை. பேட்டரியில் ரெண்டு டெர்மினல் இருக்கு. கரண்டு அங்கேயா முடியுது? அங்கே இருந்துதான் ஒயருக்குப் போகுது. ஏர்போர்ட் டெர்மினலில் யாரும் போய்ச் சேர்றதில்லை. காரில் வந்தவன் விமானத்துக்கு மாறுறான், விமானத்தில் வந்தவன் காருக்கு மாறுறான்.

இதுக்கு எங்க திருப்பூர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி ஒரு உதாரணம் இருக்கு. நம்ம பனியன் பெட்டி லாரியில் ஏறி தூத்துக்குடி போகுது, இல்லைன்னா கொச்சி. கொச்சியில் 2011-ல் வல்லார்பாடத்தில் திறந்ததோட முழுப்பேர் என்ன தெரியுமா? இண்டர்நேஷனல் கண்டெய்னர் ட்ரான்ஷிப்மெண்ட் டெர்மினல். ட்ரான்ஷிப்மெண்ட்னா ஒரு கப்பலில் இருந்து இறக்கி இன்னொரு கப்பலில் ஏத்தறது. அதாவது சரக்கு அங்கே நிக்கவே கூடாது, நின்னா நஷ்டம், அதுதான் அந்த இடத்தோட தர்மமே. பேரிலோ டெர்மினல்! முடிவுன்னு அர்த்தம் எடுத்தா 'கடல் தாண்டி அனுப்புகிற முடிவு'ன்னு வரும், பைத்தியக்காரத்தனமா இருக்கும். நம்ம எக்ஸ்போர்ட் இன்வாய்ஸிலேயே பாருங்க, 'போர்ட் ஆஃப் டிஸ்சார்ஜ்' ஒரு கட்டம், 'ஃபைனல் டெஸ்டினேஷன்' இன்னொரு கட்டம். இறங்குற இடம் வேற, போய்ச் சேர்ற இடம் வேற. ராட்டர்டாமில் இறங்கி ஜெர்மனிக்குப் போற சரக்குக்கு ரெண்டு கட்டத்திலும் ராட்டர்டாம்னு எழுதினா நம்ம டாகுமெண்டேஷன் பையனை மெர்ச்சண்டைசர் அண்ணன் என்ன பண்ணுவார்? பெட்டிக்கு இவ்வளவு கவனம். மனுஷன்னு வந்தா, பஸ் நிக்கிற இடத்தையே நீ போய்ச் சேர்ற இடமா எழுதிடறோம்.

என் தொழிலிலும் இதே கதைதான். கம்ப்யூட்டர் ரூம் சைஸில் இருந்த காலத்தில் ஒயரோட நுனியில் ஒரு கீபோர்டும் திரையும் இருக்கும், அதுதான் டெர்மினல். 1978-ல் டிஜிட்டல் எக்யூப்மெண்ட் கார்ப்பரேஷன் போட்ட விடி100 ரொம்பப் பிரபலம். இன்னைக்கும் லினக்ஸில் கறுப்புத் திரையைத் திறந்தா உள்ளே அந்த விடி100 மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராம்தான் ஓடுது. நம்ம தன்னார்வலர்கள் அதைத் தமிழில் 'முனையம்'னு மொழிபெயர்த்து வெச்சிருக்காங்க. அங்கே எது முடியுது? நான் ஒரு வரி அடிக்கிறேன், மெஷின் ஒரு வரி பதில் சொல்லுது. மெஷினும் மனுஷனும் சந்திக்கிற இடம். மும்பை வேலைக்குப் போன புதுசில் டாக்சிக்காரர் "விடி"ன்னு சொன்னப்ப, விடி100-க்கு இவ்வளவு பெரிய கட்டடமான்னு நினைக்கிற அளவுக்கு நான் முத்திப் போயிருந்தேன். அவர் சொன்ன விடி, விக்டோரியா டெர்மினஸ். 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ், 2017-ல் நடுவில் 'மகராஜ்' சேர்ந்தது, ஆனா ஊர் வாயில் விடி விடிதான். ஒரே ரெண்டு எழுத்து, ஒண்ணில் டெர்மினல், இன்னொண்ணில் டெர்மினஸ். நான் இந்த வித்தியாசத்தைப் பிடிச்சுத் தொங்க ஆரம்பிச்சது அங்கேதான்.

இப்ப தமிழுக்கு வருவோம். 'முனையம்'னு வார்த்தை உருவாக்கினவங்களைக் குறை சொல்ல மாட்டேன். முனை நல்ல வார்த்தை. ஆனா அது ரெட்டை நாக்குள்ள வார்த்தை. குமரிமுனைன்னா நிலம் தீர்ந்து போற இடம். அதுக்கு அப்புறம் கடல்தான், காலை எடுத்து வைக்க முடியாது. தெருமுனைன்னா? தெரு தீருது, ஆனா அங்கேதான் இன்னொரு தெரு ஆரம்பிக்குது. டீக்கடை இருக்கும், ஆட்டோ நிக்கும், பஸ் ஸ்டாப் இருக்கும். "தெருமுனை வரைக்கும் வந்துடு, அங்கே இருந்து நான் கூட்டிட்டுப் போறேன்"ன்னு சொல்றோம். குமரிமுனை டெர்மினஸ். தெருமுனை டெர்மினல். நம்ம மொழியில் வித்தியாசம் ஆதியிலேயே இருக்கு சாமி, வார்த்தையில் இல்லை, முன்னால ஒட்டுற அடைமொழியில் இருக்கு. 'முனையம்'னு வெட்டித் தனியா எடுத்ததும் அந்த அடைமொழி விழுந்து போச்சு.

இதில் ஒரு வேடிக்கை. சென்னையில் வெளியூர் பஸ்கள் 2002 வரைக்கும் எங்கே போய் நின்னுச்சு? பாரிமுனை. தெருமுனைதான் அது, பேரிலேயே இருக்கு. பிராட்வேயில் இறங்கினா பக்கத்தில் பீச் ஸ்டேஷன், கோட்டை ஸ்டேஷன், ஊரோட எல்லா மூலைக்கும் டவுன் பஸ், ஹைகோர்ட், துறைமுகம். எப்பேர்ப்பட்ட இடநெருக்கடி, எப்பேர்ப்பட்ட நாத்தம்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன், அதை நான் மறைக்கல. ஆனா இறங்கினவன் அடுத்த வண்டியைப் பிடிச்சான். முனையம்னு யாரும் போர்டு மாட்டாத முனையம்.

2002 நவம்பரில் கோயம்பேடு வந்தது. ஆங்கிலத்தில் 'சென்னை மொஃபுசில் பஸ் டெர்மினஸ்'. தமிழில் அப்ப புறநகர் பேருந்து நிலையம்னுதான் எழுதினாங்க, 2018-ல் எம்.ஜி.ஆர். பேர் வெச்சாங்க. திறந்தப்ப அங்கே ரயில் கிடையாது. டவுன் பஸ்ஸும் ஆட்டோவும்தான். 2015 ஜூனில் ஆலந்தூர் - கோயம்பேடு மெட்ரோ ஓட ஆரம்பிச்சது, பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே ஒரு ஸ்டேஷன். 2018-ல் அதே பாதையில் சென்ட்ரல் வரைக்கும் போக முடிஞ்சது. ஆக, டெர்மினஸா பிறந்த கட்டடம் டெர்மினலா வளர பன்னிரண்டரை வருஷம் ஆச்சு. சரி, வளர்ந்துச்சில்ல, சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை எத்தனை நாள் அனுபவிச்சோம்? எட்டரை வருஷம். 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கம் திறந்தாங்க. 2024 ஜனவரி முடியறதுக்குள்ள தெற்கே போற வண்டிகளை எல்லாம் அங்கே மாத்தியாச்சு. திருப்பூரில் இருந்து சேலம், உளுந்தூர்பேட்டை வழியா வர்ற வண்டிக்கும் இனி அதுதான் கடைசி.

பேர், கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம். ஆங்கிலத்தில் பஸ் டெர்மினஸ். இந்த ஒரு விஷயத்தில் ஆங்கில போர்டு நேர்மையா இருக்கு! டெர்மினஸ்தான். 88 ஏக்கர், சுமார் 394 கோடி ரூபாய், பளபளன்னு கட்டடம். கோயம்பேட்டில் இருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில். (எக்ஸ்டர்மினேட்னு ஒரு வார்த்தை இருக்கே, அதோட மூல அர்த்தம் எல்லைக்கல்லுக்கு வெளியே துரத்தறது. சும்மா சொன்னேன்.) திறந்த அன்னைக்கு மெட்ரோ இல்லை. அதைக்கூட விடுங்க, மெட்ரோ பெரிய செலவு. ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் புறநகர் ரயில் தண்டவாளம் பல காலமா ஓடுது. பஸ்ஸில் இருந்து இறங்கினவன் ரயில் போற சத்தத்தைக் கேட்கலாம். ஆனா திறந்தப்ப ஏற வழி இல்லை, ஏன்னா அப்ப அங்கே ஸ்டேஷன் இல்லை. ஸ்டேஷன் கட்டுற வேலையே பஸ் ஸ்டாண்டு திறந்ததுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சது.

மாமாவோட நிட்டிங் யூனிட்டில் ஒருநாள் மெஷின் விட்டு விட்டு ஓடிச்சு. மும்முனை கரண்டு சரியாத்தான் வந்துச்சு. மோட்டாரும் நல்லாத்தான் இருந்துச்சு. வயரிங் அண்ணன் வந்து பேனலைத் திறந்து பார்த்துட்டு "டெர்மினல் லூசுங்க தம்பி"ன்னார். ஸ்பேனரை எடுத்து ரெண்டு சுத்து. அவ்வளவுதான். ஒயர் ஒட்டாத டெர்மினல் வெறும் போல்ட்டு. எவ்வளவு நல்ல பித்தளையில் செஞ்சிருந்தாலும் வெறும் போல்ட்டு. கிளாம்பாக்கம் பத்தி யார் கேட்டாலும் அன்னையில் இருந்து நான் சொல்ற ஒரே விமர்சனம் இதுதான். டெர்மினல் லூசுங்க.

"ஏண்டா, மாநகரப் பேருந்து விட்டாங்களே"ன்னு கேப்பீங்க. விட்டாங்க, உண்மை. ஆனா வெளியூர் வண்டி வர்ற நேரம் என்ன? விடியறதுக்கு முன்னால. கையில் ரெண்டு பை, தோளில் தூங்குற குழந்தை, கூட வயசான அம்மா. எட்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தவங்களை இறக்கி, இன்னொரு பஸ்ஸுக்கு நடக்க விட்டு, அதில் இன்னும் ஒரு மணி ஒண்ணரை மணி நேரம். இது பயணத்தோட வால் இல்லை, இன்னொரு பயணம். கிளம்பறப்பவும் அதே கதைதான். 2024 பிப்ரவரியில் நடுராத்திரியில் ஊருக்குப் போக பஸ் கிடைக்கலைன்னு ஜனங்க ரோட்டில் உட்கார்ந்து மறியல் பண்ணினாங்களே, அது எல்லாப் பேப்பரிலும் வந்தது. ஆம்னி பஸ்காரங்க ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. அதே மாசம் கோர்ட்டு, கோயம்பேட்டில் இருக்கிற அவங்களோட கேரேஜில் இருந்து ஆள் ஏத்திக்கலாம், போரூர், சூரப்பட்டில் ஏத்தி இறக்கலாம்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. இதோட அர்த்தம் என்ன? காசு கொடுத்து ஆம்னியில் வர்றவனுக்குத் தெருமுனை. அரசு பஸ்ஸில் வர்றவனுக்குக் குமரிமுனை.

ஊருக்குள்ள நெரிசல், பஸ் ஸ்டாண்டை வெளியே கொண்டு போய்த்தான் ஆகணும் என்பதை நான் மறுக்கல. மறுக்கறவன் கோயம்பேட்டில் தீபாவளிக்கு முந்தின நாள் நின்னு பார்த்திருக்க மாட்டான். என் சண்டை வரிசையோட. மலேசியாவைப் பாருங்க. கோலாலம்பூரில் புடுராயான்னு ஊருக்கு நடுவில் பஸ் ஸ்டாண்டு, பாரிமுனைக்கு அண்ணன். அங்கேயும் நெரிசல் தாங்காம தெற்கே போற வண்டிகளை 2011-ல் ஊருக்கு வெளிப்பக்கமா கொண்டு போனாங்க. எங்கே? பண்டார் தாசிக் செலாத்தான். அங்கே ஏற்கெனவே புறநகர் ரயில் நிக்குது, எல்.ஆர்.டி. நிக்குது, ஏர்போர்ட் ரயிலும் நிக்குது. மூணும் நிக்கிற ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக் கட்டி, நடுவில் ஒரு நடைபாலம் போட்டாங்க. பேர் என்ன வெச்சாங்க? டெர்மினல் பெர்செபாடு செலாத்தான். தெற்கு ஒருங்கிணைந்த டெர்மினல். ஒருங்கிணைச்சாங்க, அப்புறம்தான் ஒருங்கிணைந்ததுன்னு எழுதினாங்க. நாம போர்டு எழுதிட்டு ஒயரைத் தேடறோம்.

சிங்கப்பூர்க்காரங்க இன்னும் கறார். பெரிய பஸ் நிலையம், ஆளும் ஆபீசும் வசதியும் உள்ளதுன்னா இண்டர்சேஞ்ச், பெரும்பாலும் ரயிலடியில்தான் இருக்கும். வெறுமனே வண்டி திரும்புற சின்ன இடம்னா டெர்மினல். ஆங்கில வார்த்தையை அவங்க பயன்படுத்துற விதம் நான் மேலே சொன்னதோட ஒத்துப் போகாதுதான், ஒத்துக்கறேன். ஆனா கவனிங்க, ரெண்டு காரியம், ரெண்டு பேர். அந்த ஊர்த் தமிழிலும் ஒண்ணு பேருந்துச் சந்திப்பு நிலையம், இன்னொண்ணு பேருந்து முனையம். எந்த வார்த்தை எதுக்கு என்பது கூட எனக்கு முக்கியம் இல்லை. ரெண்டு தேவைப்படுது. நம்மகிட்ட ஒண்ணுதான் இருக்கு.

வார்த்தைதானே, வார்த்தை மாறினா பஸ் வருமா? வராது. ஆனா வார்த்தைதான் கணக்குக் கேட்க வைக்குது. டெர்மினஸ்னா என்ன அளப்பீங்க? எத்தனை ஏக்கர், எத்தனை பஸ் நிக்கலாம், எத்தனை கடை, எத்தனை கழிப்பறை. திறப்பு விழா நாள் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்க, அத்தனையும் இந்த எண்கள்தான். டெர்மினல்னா அளக்க வேண்டியது வேற. பஸ் படியில் இருந்து அடுத்த வண்டிப் படிக்கு எத்தனை நிமிஷம்? விடியக்காலை நாலு மணிக்கு எத்தனை நிமிஷம்? நடுவில் எத்தனை படிக்கட்டு ஏறணும்? பை தூக்கிட்டு ரோடு கடக்கணுமா? இந்த நாலு எண்ணை எந்தத் திறப்பு விழாவிலும் யாரும் வாசிச்சு நான் கேட்டதில்லை. 'முனையம்'னு ஒரே வார்த்தை இருக்கறதால, முதல் கணக்கைக் காட்டி இரண்டாவது கணக்குக்கும் கைதட்டு வாங்கிட முடியுது.

திருச்சியில் இன்னும் வேடிக்கை. பழைய மத்திய பேருந்து நிலையத்தில் இறங்கினா ரயில் ஜங்ஷன் நடக்கிற தூரம். பேர் சாதாரண நிலையம், காரியம் உசத்தி டெர்மினல். 2025 மே மாதம் பஞ்சப்பூரில் புதுசு திறந்தாங்க, 'ஒருங்கிணைந்த பேருந்து முனையம்'. மதுரை ரோட்டில் ஊருக்கு வெளியே. வசதியான கட்டடம்தான். ஆனா பஸ்ஸை விட்டு இறங்கி ரயிலுக்கு நடந்த ஒருத்தன் இனி இன்னொரு பஸ் பிடிச்சுத்தான் ரயிலுக்குப் போகணும். எதோட ஒருங்கிணைஞ்சுது? இன்னொண்ணு, திருச்சி நடு ஜில்லா. தெற்கும் வடக்கும் போற வண்டிகளில் பாதி அங்கே முடியறதே இல்லை, உள்ளே வந்து தொட்டுட்டுப் போகுது. டெர்மினஸும் இல்லாம டெர்மினலும் இல்லாம, அது பேர் என்ன வைக்கறதுன்னே எனக்குத் தெரியல.

தமிழ்நாட்டை மட்டும் சொல்றேன்னு நினைக்க வேண்டாம். பெங்களூரில் 2022-ல் திறந்த விஸ்வேஸ்வரய்யா டெர்மினல் இருக்கே, ஏர்போர்ட் தோத்துப் போற கட்டடம். அது இருக்கிற பையப்பனஹள்ளியில் 2011-ல் இருந்தே மெட்ரோ ஸ்டேஷன் உண்டு. பேர்தான் பக்கம், காலுக்குப் பக்கம் இல்லை. ஐ.டி. பசங்க பையைத் தூக்கிட்டு ஆட்டோக்காரனோட பேரம் பேசற சத்தம்தான் அங்கே முதல் அறிவிப்பு.

எங்க பூண்டி, திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருக்கிற ஊர். எந்த பஸ்ஸும் இங்கே முடியறதில்லை, எதுவும் இங்கே தொடங்கறதும் இல்லை. ஆனா நான் சொல்வேன், பழைய காலத்தில் இது ஒரு டெர்மினல். சுந்தரர் சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னையும் பொருளையும் கொடுங்கோளூரில் இருந்து திருவாரூருக்குக் கொண்டு போனார். இங்கே வர்றப்ப ஈசனோட பூதகணங்களே வேடர் வேஷம் போட்டு மொத்தத்தையும் பறிச்சுட்டாங்க. அவர் கோயிலுக்குப் போய் ஈசனையே ஏசிப் பாடினார், பொருள் திரும்ப வந்தது, பயணம் தொடர்ந்தது. தொடங்கினதும் இங்கே இல்லை, சேர்ந்ததும் இங்கே இல்லை. சரக்கு கைமாறி, திரும்பக் கைமாறி, கிளம்பிப் போனது இங்கே. சுத்தமான ட்ரான்ஷிப்மெண்ட். டேமேஜ் கிளெய்ம் கூட அன்னைக்கே செட்டில் ஆயிடுச்சு :-)

நடுவழி ஊர்க்காரனுக்குத்தான் இந்த வித்தியாசம் வலிக்கும். திருப்பூரையே எடுத்துக்கங்க. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம். புது பஸ் ஸ்டாண்டு வடக்கே பி.என். ரோட்டில். தென்மாவட்ட வண்டிகளுக்கு தாராபுரம் ரோட்டில் கோவில்வழி. பனியன் கம்பெனியில் வேலை செய்யற தென்மாவட்டத்து ஜனங்க, பொங்கலுக்கு முந்தின நாள் போனஸோட, துணிப்பையோட, பூண்டியில் இருந்து கிளம்பினா முதலில் டவுன் பஸ்ஸில் பழைய பஸ் ஸ்டாண்டு, அங்கே இறங்கி அந்தக் கூட்டத்தில் இன்னொரு டவுன் பஸ், அப்புறம் கோவில்வழி, அப்புறம்தான் மதுரை வண்டி. அவங்ககிட்ட போய் டெர்மினஸ், டெர்மினல்னு பாடம் எடுக்க வேண்டாம். கண்டக்டர் அண்ணனே வித்தியாசத்தைச் சரியாச் சொல்லிடுவார். ஒரு இடத்தில் "கடைசி ஸ்டாப்புங்க, எல்லாம் இறங்குங்க"ம்பார். இன்னொரு இடத்தில் "மதுரை போறவங்க இங்கயே இறங்கிக்கோங்க, எதுத்தாப்ல நிக்குது பாருங்க வண்டி"ம்பார்.

ஊருக்கு ஊர் புது பஸ் ஸ்டாண்டு கட்டிட்டு இருக்காங்க, இன்னும் கட்டுவாங்க. நம்ம ஊர் கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ அடுத்த தடவை 'முனையம்'ங்கற வார்த்தையை வாயில் எடுத்தாங்கன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல அங்கே இறங்கற ஒருத்தர், அங்கே இருந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு எந்த வண்டியில் போவார், அந்த வண்டி எந்த இடத்தில் நிக்கும், டிக்கெட் எவ்வளவு? பதில் வந்தா முனையம்னு எழுதிக்கட்டும், நானே வந்து கைதட்டறேன். பதில் வரலைன்னா போர்டில் 'கடைசி ஸ்டாப்பு'ன்னு எழுதச் சொல்லுங்க. எழுத்துச் செலவும் கம்மி.